கார்ப் பார்ட்ஸ் ஆர்டர் போடறதுக்கு முன்னாடி: உங்க வண்டியில இருக்கறது ஸ்லைடா, சிவியா?

ஜெட் (பெட்ரோல் அளவா பாயற ஓட்டை போட்ட பித்தளைத் துண்டு) கிட் வாங்கலாமா, பெரிய கார்ப் போடலாமா, பவர் ஃபில்டர் மாட்டலாமான்னு அப்புறம் யோசிச்சுக்கலாம், முதல்ல உங்க பைக்குல இப்போ மாட்டியிருக்கற கார்ப், அதாவது காத்தையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்கு விடற கார்பரேட்டர், ஸ்லைடா சிவியா, என்ன ரகம்னு பார்த்துடுங்க. ஒரே கம்ப்ளைன்ட்டுக்கு ஒரு ரகத்துல நீடில் (பெட்ரோலை கூட்டிக் குறைக்கற ஊசி) காரணமா இருக்கும், இன்னொரு ரகத்துல கிழிஞ்சுபோன ரப்பர் காரணமா இருக்கும். ஒண்ணுல ஸ்குரூவை உள்ள திருகினா ரிச் ஆகும், அதாவது கலவையில பெட்ரோல் கூடும், இன்னொண்ணுல அதே திருகல் லீன் ஆக்கும், பெட்ரோல் குறையும். இது தெரியாம பார்ட் வாங்கினா காசும் போகும், இருந்த டியூனிங்கும் போகும்.

வண்டி பேரைச் சொல்லி கடையில கேக்கறதுதான் இதுல பெரிய வம்பு. "ஆர்எக்ஸ்100க்கு மெயின் ஜெட் குடுங்க"ன்னு கேட்டா கடைக்காரரும் ஏதோ ஒண்ணை எடுத்துக் குடுத்துடுவாரு, ஆனா ஆர்எக்ஸ்100 தயாரிப்பு நின்னதே 1996ல, இன்னைக்கு ரோட்டுல ஓடற வண்டி ஒவ்வொண்ணும் எத்தனை கை மாறியிருக்கும், எத்தனை மெக்கானிக் கை வச்சிருப்பாங்க, கம்பெனியில போட்டு அனுப்பின மிகுனி (ஜப்பான் கார்ப் பிராண்ட்) இன்னும் அதுல இருக்குன்னு யார் சொல்றது. பழைய புல்லட்டும் அப்படித்தான், யெஸ்டியும் அப்படித்தான். செகண்ட் ஹேண்டுல வாங்கின வண்டின்னா பேரை மறந்துட்டு மாட்டியிருக்கறதை மட்டும் நம்புங்க.

அஞ்சு நிமிஷ சோதனை

இன்ஜினை ஆஃப் பண்ணுங்க. ஏர் ஃபில்டர்ல இருந்து கார்புக்கு வர்ற ரப்பர் ஹோஸை கிளாம்ப் லூஸ் பண்ணி கழட்டிட்டு, கார்ப் வாய்க்குள்ள டார்ச் அடிச்சுப் பார்த்துக்கிட்டே ஆக்ஸிலேட்டரை மெதுவா முறுக்குங்க. உள்ள இருக்கற உருளை உங்க கை முறுக்க முறுக்க மேல ஏறுச்சுன்னா அது ஸ்லைடு கார்ப், அதாவது கேபிள் நேரா ஸ்லைடையே தூக்குது. உருளை அசையாம அப்படியே இருக்கு, ஆனா அதுக்குப் பின்னாடி இன்ஜின் பக்கமா ஒரு தகடு திரும்பற சத்தம் கேக்குதுன்னா அது சிவி கார்ப். இதுல கேபிள் திறக்கறது பின்னாடி இருக்கற பட்டர்ஃபிளை தகடை மட்டும்தான், முன்னாடி இருக்கற உருளை, அதாவது கார்ப் பிஸ்டன், இன்ஜின் இழுக்கற வேக்குவம்ல தானா மேல ஏறும்.

இன்னும் சந்தேகம் இருந்தா அந்த உருளையை விரலால தூக்கி விட்டுப் பாருங்க. சிவியா இருந்தா லேசான ஸ்பிரிங் அழுத்தத்தோட தூக்க வரும், விட்டதும் நிதானமா இறங்கும். ஸ்லைடா இருந்தா ஸ்பிரிங் கெட்டியா இருக்கும், விரலை விட்டதும் டக்குனு அடிச்சு உக்காரும்.

கழட்டவே சோம்பலா இருந்தா வெளியில இருந்தே பாதி கண்டுபிடிச்சுடலாம். ஆக்ஸிலேட்டர் கேபிள் கார்ப் தலையில, நடு மண்டையில நேரா இறங்குதுன்னா ஸ்லைடு. கேபிள் பக்கவாட்டுல வந்து ஒரு அரைவட்ட சக்கரத்துல மாட்டியிருக்கு, தலையில அகலமா தட்டையான மூடி ஸ்குரூ போட்டு உக்காந்திருக்குன்னா சிவி, அந்த மூடிக்கு அடியிலதான் டயஃப்ரம், அதாவது அந்த பிஸ்டனைத் தூக்கற மெல்லிசான ரப்பர், இருக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை, எஃப்சிஆர் மாதிரி ரேஸ் கார்ப்ல கேபிள் பக்கவாட்டுலதான் வரும், போக வர ரெண்டு கேபிள் வேற இருக்கும், ஆனா அது ஸ்லைடு ரகம்தான். அதனாலதான் டார்ச் அடிச்சுப் பாருங்கன்னு முதல்லயே சொன்னேன்.

உடம்புல என்ன எழுதியிருக்கு

ரகம் தெரிஞ்சாச்சுன்னா அடுத்தது மாடல். பிரஷ்ஷை பெட்ரோல்ல நனைச்சு கார்ப் உடம்பு பக்கவாட்டை நல்லா தேய்ச்சீங்கன்னா வார்ப்புலயோ குத்தினதாவோ எழுத்து தெரியும். விஎம்னு (VM) இருந்தா மிகுனியோட ரவுண்டு ஸ்லைடு, பிஎஸ்னு (BS) இருந்தா மிகுனி டிசைன்ல வந்த சிவி. பிஎஸ்26ல வர்ற பிஎஸ்ஸுக்கும் பிஎஸ்4, பிஎஸ்6 புகை விதிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, பின்னாடி வர்ற 26 எம்எம் கணக்குல துவாரத்தோட அளவு. மறைமலைநகர்ல இருக்கற யூகால் கம்பெனி மிகுனியோட டெக்னாலஜி வாங்கித்தான் நம்ம ஊர் வண்டிகளுக்கு கார்ப் செஞ்சு குடுத்துச்சு, அதனால மிகார்ப், யூகால்னு இருந்தாலும் உள்ள மிகுனி குடும்பம்தான். கெய்ஹின்னு இருந்தா, அது இன்னொரு ஜப்பான் பிராண்ட், பெரும்பாலும் ஹீரோ ஹோண்டா, ஹோண்டா பக்கம். ஜிகோவ்னு பார்த்தீங்கன்னா ஜாவா, யெஸ்டி.

கம்பெனியில இருந்து வெளிய வந்தப்போ எது எதுல என்ன இருந்துச்சுன்னு தெரிஞ்சா ஒப்பிட்டுப் பார்க்க வசதி. பழைய காஸ்ட் அயர்ன் புல்லட் 350ல மிகார்ப் விஎம்24. கார்ப் போட்ட யூனிட் இன்ஜின் (இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டுல) கிளாசிக் 350ல 29 எம்எம் சிவி. அப்பாச்சி ஆர்டிஆர் 160ல பிஎஸ்26, 180ல பிஎஸ்29. முதல்ல வந்த எஃப்இசட்16லயும் பிஎஸ்26. கார்ப் போட்ட பல்சர் 220ல யூகால் யூசிடி32, அதுவும் சிவி. இதுல பழைய புல்லட்டைத் தவிர வேற ஏதாவது ஒரு வண்டி உங்ககிட்ட இருந்து, மேல கேபிள் நேரா இறங்குற கார்ப் அதுல இருந்துச்சுன்னா, உங்களுக்கு முன்னாடி யாரோ மாத்தியிருக்காங்க, அவ்ளோதான்.

எழுத்தை மட்டும் அப்படியே நம்பிடவும் கூடாது. ஆன்லைன்ல கம்மி விலைக்கு வர்ற பிடபிள்யூகே (கெய்ஹினோட ஒரு ஸ்லைடு மாடல்) கார்ப்ல கெய்ஹின்னு அச்சு பளிச்சுனு இருக்கும், உள்ள ஜெட்டோட மரை கூட சரியா கடைஞ்சிருக்காது. நம்பரும் எப்பவும் அளவைச் சொல்லாது. மிகுனி விஎம்22-38னு ஒண்ணு இருக்கு, அதையே 26 எம்எம்னு சொல்லித்தான் விப்பாங்க, 22ன்னு நெனச்சு மேனிஃபோல்டு (கார்பை இன்ஜினோட சேர்க்கற குழாய்) வாங்கினா கஷ்டம். ஒரு வெர்னியர் வச்சு அளந்துடுங்க, வேலை முடிஞ்சுது.

இனி கம்ப்ளைன்ட் கம்ப்ளைன்ட்டா பார்க்கலாம்.

வாங்கின ஜெட் மரை ஏற மாட்டேங்குது, ஏறினாலும் வண்டி மாறலை

மிகுனி மெயின் ஜெட்லயே ஆறுமுக தலை இருக்கு, உருண்டை தலையில ஸ்குரூ டிரைவர் வெட்டு போட்டதும் இருக்கு, பெருசும் இருக்கு சிறுசும் இருக்கு, ஒண்ணோட மரை இன்னொண்ணுக்கு சேராது. பழைய ஜெட்டை கழட்டி கையில எடுத்துட்டுப் போறதுதான் நல்லது. சென்னையில புதுப்பேட்டையோ ஜிபி ரோடோ எங்க போனாலும் கவுன்டர்ல பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்துட்டு வாங்குங்க. மரை ஏறலைன்னா ஸ்பேனர் போட்டு அழுத்தாதீங்க, ஜெட் பித்தளை, அது உக்கார்ற இடமும் மென்மையான உலோகம், ஒரு தடவை மரை போச்சுன்னா அந்த கார்ப் குப்பைக்குத்தான்.

மரை சரியா ஏறி, நம்பரும் பெருசு போட்டு, அப்பவும் வண்டி லீனாவே ஓடுதா? அப்போ நம்பர் கணக்கைப் பாருங்க. கெய்ஹின் ஜெட்ல 110னா ஓட்டை 1.10 எம்எம். மிகுனியோட ஆறுமுக ஜெட்ல நம்பர் ஓட்டையோட அளவு இல்ல, அது வழியா எவ்ளோ பாயுதுங்கற கணக்கு. அதனால கெய்ஹின் 110ஐயும் மிகுனி 110ஐயும் ஒண்ணா எண்ணி "நண்பன் வண்டியில 110 தான் போட்டிருக்கான்"னு வாங்கினா வேலைக்கு ஆகாது. அதே மாதிரி அப்பாச்சியிலயும் பிஎஸ்26, எஃப்இசட்லயும் பிஎஸ்26ங்கறதுக்காக உள்ள இருக்கற ஜெட்டும் நீடிலும் ஒரே சைஸ்னு கிடையாது, இன்ஜின் வேற, ஏர் பாக்ஸ் வேற.

ஸ்லோவுல நிக்கல, இல்லன்னா ஐடிலிங் ஏறி இறங்குது

எல்லாரும் முதல்ல கை வைக்கறது மிக்ஸ்சர் ஸ்குரூல தான், அது எங்க இருக்குன்னு பார்த்துட்டு கை வைங்க. ஸ்லைடுக்கு ஏர் ஃபில்டர் பக்கமா இருந்தா அது ஏர் ஸ்குரூ, உள்ள திருகினா காத்து குறைஞ்சு ரிச் ஆகும். விஎம் கார்ப் பெரும்பாலும் இந்த ரகம். ஸ்லைடுக்கு இன்ஜின் பக்கமா இருந்தா அது பெட்ரோல் கலவையை விடற ஸ்குரூ, உள்ள திருகினா லீன் ஆகும். பிஎஸ் மாதிரி சிவி கார்ப்ல பெரும்பாலும் இதுதான், சிலதுல அது மேல பித்தளை மூடி அடிச்சு மறைச்சிருப்பாங்க. விஎம்ல பழகின கை சிவிக்கு வந்து அதே திசையில திருகும், வண்டி இன்னும் மோசமாகும், உடனே "கார்ப் போச்சு, புதுசு வாங்கு"ன்னு ஆலோசனை வரும். ஸ்குரூவை உள்ள உக்கார்ற வரைக்கும் மெல்ல திருகி, எத்தனை சுத்துன்னு எண்ணி எழுதி வச்சுக்கிட்டு, அங்க இருந்து ஒண்ணரை சுத்து வெளிய எடுத்து ஆரம்பிங்க. இறுக்கி முறுக்கினா ஊசி முனை உடைஞ்சு உள்ளயே மாட்டிக்கும்.

ஸ்பிரிங் போட்ட பெரிய ஸ்குரூ வேற, அது ஐடிலிங் ஏத்தற ஸ்குரூ. ஸ்லைடு கார்ப்ல அது நடு உடம்புல ஸ்லைடையே தாங்கும், சிவியில பட்டர்ஃபிளை சக்கரத்தை தள்ளும். ரெண்டையும் மாத்தி திருகிட்டு நிக்கறவங்க நிறைய பேர்.

ஸ்குரூ எவ்ளோ திருகினாலும் ஒரு மாத்தமும் இல்லைன்னா பைலட் ஜெட் (ஐடிலிங்குக்கு பெட்ரோல் விடற சின்ன ஜெட்) அடைச்சிருக்கு, இல்லன்னா காத்து வேற வழியில உள்ள வருது. மேனிஃபோல்டு ரப்பர் வெடிச்சிருக்கான்னு பாருங்க. இன்ஜின் ஓடும்போது அது மேல தண்ணி ஸ்பிரே அடிங்க, ஐடிலிங் மாறுச்சுன்னா ஓட்டை அங்கதான். கார்ப் கிளீனர் அடிச்சு சோதிக்கறாங்க சில பேர், சூடான இன்ஜின்ல எனக்கு அது பிடிக்காது. பைலட் ஜெட்டை சுத்தம் பண்ண ஒயர்ல இருந்து ஒரு மெல்லிசான செப்புக் கம்பி உருவிக்கங்க, குண்டூசி விட்டா ஓட்டை பெருசாயிடும், அப்புறம் அந்த நம்பருக்கு அர்த்தமே இல்ல.

ஐடிலிங் நல்லா இருக்கு, நடுவுல இழுக்க மாட்டேங்குது

ரகம் தெரியாம பார்ட் வாங்கி ஏமாறறது இந்த கம்ப்ளைன்ட்லதான் அதிகம்.

சிவியா இருந்தா ஜெட் பக்கம் போகவே போகாதீங்க, முதல்ல டயஃப்ரம். தலை மூடியோட ஸ்குரூவை கழட்டும்போது உள்ள ஸ்பிரிங் இருக்கும், கையால அமுக்கிப் பிடிச்சுக்கங்க. பிஸ்டனோட சேர்த்து அந்த கருப்பு ரப்பரை மெல்ல எடுத்து வெயில்லயோ டியூப் லைட்டுக்கு நேராவோ பிடிச்சு, மடிப்பை விரிச்சு விரிச்சு பாருங்க. மடிப்புக்குள்ளதான் ஊசி முனை அளவுக்கு ஓட்டை இருக்கும், சும்மா பார்த்தா தெரியாது. ஒரு சின்ன ஓட்டை போதும், வேக்குவம் நிக்காது, பிஸ்டன் பாதிக்கு மேல ஏறாது, ஆக்ஸிலேட்டரை முழுசா முறுக்கினாலும் வண்டி ஒரு ஸ்பீடுக்கு மேல போகாம உம்முனு நிக்கும். இந்த வண்டிக்கு மெயின் ஜெட் பெருசு பண்ணினா புகைதான் கூடும்.

டயஃப்ரம்ல இன்னொரு விஷயம், கார்ப் கிளீனர் பட்டா ரப்பர் ஊதிடும், அப்புறம் அதோட பள்ளத்துல உக்காராது. ஊதியிருந்தா கிழிச்சு எறியாதீங்க, காத்துல சில மணி நேரம் காய விட்டா பழைய அளவுக்கு சுருங்கிடும். திரும்ப மாட்டும்போது ஓரத்துல சின்ன நாக்கு மாதிரி ஒண்ணு இருந்தா உடம்புல அதுக்குன்னு இருக்கற வெட்டுல உக்காரணும். புதுசு வாங்கறதா இருந்தா ரப்பர் மட்டும் தனியா வருமா, பிஸ்டனோட ஒட்டினதா வருமான்னு உங்க பழசைப் பார்த்து முடிவு பண்ணுங்க.

ஸ்லைடு கார்பா இருந்தா டயஃப்ரம்ங்கற பேச்சே கிடையாது. நீடில் கிளிப் கழண்டு நீடில் கீழ விழுந்திருக்கான்னு பாருங்க, இல்லன்னா கிளிப் எந்த வெட்டுல இருக்குன்னு பாருங்க. கிளிப்பை ஒரு வெட்டு கீழ இறக்கினா நீடில் மேல ஏறும், ரிச் ஆகும். சிவி கார்ப் பலதுல நீடில்ல கிளிப் வெட்டே ஒண்ணுக்கு மேல இருக்காது, அதனால டியூனர்கள் சின்ன வாஷர் அடியில போட்டு தூக்குவாங்க. நீடில் செட் ஆர்டர் பண்ணறதுக்கு முன்னாடி அந்த வாஷரைப் போட்டுப் பாருங்க, சில நேரம் அதுலயே முடிஞ்சுடும்.

கைப்பிடியில டேப் ஒட்டி கால், அரை, முக்கால்னு கோடு போட்டுக்கிட்டா எந்த இடத்துல திணறுதுன்னு தெளிவா தெரியும். ஸ்லைடு கார்ப்ல முதல் அரைக்கால் வரைக்கும் பைலட் ஜெட், கால் வரைக்கும் ஸ்லைடோட அடி வெட்டு, கால்ல இருந்து முக்கால் வரைக்கும் நீடில், அதுக்கு மேல மெயின் ஜெட். சிவிக்கு இந்தக் கோட்டை அப்படியே வச்சுக்க முடியாது, ஏன்னா நீங்க பாதி முறுக்கினா பிஸ்டன் பாதி ஏறும்னு கிடையாது, இன்ஜின் கேக்கற அளவுக்குத்தான் ஏறும்.

டக்குனு முறுக்கினா அமுங்கி அப்புறம் கிளம்புது

ஸ்டாக் சிவியை எடுத்துட்டு பிடபிள்யூகே மாட்டினவங்க முக்காவாசி பேர் சொல்றது இதுதான். ஜெட் எல்லாம் சரியா இருந்தாலும் வரும். ஸ்லைடை நீங்க ஒரே இழுப்புல தூக்கினா வாய் முழுசா திறந்துடுது, காத்து வேகம் விழுந்துடுது, பெட்ரோல் மேல ஏறி வர நேரமாகுது. சிவியில பிஸ்டன் இன்ஜினுக்காக காத்திருந்து ஏறும்ங்கறதால அந்தப் பிரச்னை தெரியாது. 1999ல வந்த ஹீரோ ஹோண்டா சிபிஇசட்ல ஸ்லைடு கார்புக்கு ஆக்ஸிலேட்டர் பம்ப் வச்சது இதுக்காகத்தான், முறுக்கினதும் ஒரு பீச்சு பெட்ரோல் கூடுதலா அடிக்கும். பம்ப் இல்லாத கார்ப்ல பைலட் ஜெட் ஒரு சைஸ் ஏத்திப் பாருங்க, அதுக்கும் கேக்கலைன்னா அடி வெட்டு கம்மியான ஸ்லைடு, மிகுனியில நம்பர் சின்னதா இருந்தா ரிச். இன்ஜினுக்கு தேவைக்கு மேல பெரிய கார்ப் போட்டிருந்தா எந்த ஜெட்டும் இதைத் தீர்க்காது. என்னைக் கேட்டா 150 சிசி டவுன் வண்டிக்கு இருக்கற சிவியை சுத்தம் பண்ணி நல்ல டயஃப்ரம் போட்டாலே போதும், 30 எம்எம் பிடபிள்யூகே போட்டுட்டு சிக்னலுக்கு சிக்னல் அமுங்கறதுல என்ன சுகம்னு தெரியல.

டூ ஸ்ட்ரோக்காரங்களுக்கு மட்டும் ஒண்ணு, லீனா ஓடுதுன்னு சந்தேகம் வந்தா அதோட டாப் ஸ்பீடு சோதிக்காதீங்க, இன்ஜின் பிஸ்டன் ஜாம் ஆகிடும். ரிச்ல இருந்து ஆரம்பிச்சு ஒவ்வொரு சைஸா இறக்கிட்டு வாங்க, ஒவ்வொரு தடவையும் பிளக் நிறம் பாருங்க. பெரிய கார்ப் வாங்கறப்போ ஆயில் பம்ப் இருக்கான்னும் பாருங்க, அப்படிப்பட்ட வண்டியில ஆக்ஸிலேட்டர் கேபிள் ரெண்டா பிரிஞ்சு ஒண்ணு பம்புக்குப் போகும், கார்ப் மாறினா ஸ்லைடு தூக்கற அளவும் மாறும், ரெண்டையும் திரும்ப ஒத்துப்போக வைக்கணும்.

பெட்ரோல் ஒழுகுது

எந்த ரகமா இருந்தாலும் ஃப்ளோட் (மிதவை) நீடில், அதோட சீட், ஃப்ளோட் உயரம், பெரும்பாலும் இந்த மூணுதான். புது கார்ப்ல முதல் நாளே ஒழுகுச்சுன்னா மாட்டின சாய்வைப் பாருங்க, பக்கவாட்டுல சாஞ்சு உக்காந்திருந்தா ஃப்ளோட் சரியா மூடாது.

மாட்டினதும் பிக்கப் வேற மாதிரி ஆயிடுச்சு, ஒயர் ஒண்ணு தொங்குது

பல்சர் டிடிஎஸ்-ஐ வண்டிகள்ல கார்ப் பக்கவாட்டுல சின்னதா ஒரு சென்சார் இருக்கும், ஆக்ஸிலேட்டர் எவ்ளோ திறந்திருக்குன்னு பார்த்து சிடிஐக்கு, அதாவது ஸ்பார்க்கை கவனிக்கற எலெக்ட்ரானிக் பெட்டிக்கு, சொல்லும், அதை வச்சு இக்னிஷன் டைமிங் (ஸ்பார்க் அடிக்கற நேரம்) மாறும். அப்பாச்சி, எஃப்இசட்லயும் கார்ப்ல ஒயர் வரும். சாதா விஎம்லயோ பிடபிள்யூகேலயோ அதை மாட்ட இடமே கிடையாது, ஒயரை இன்சுலேஷன் டேப் சுத்தி விட்டுட்டா வண்டி ஓடும், ஆனா டைமிங் ஒரே கணக்குல நிக்கும், நீங்க அதுக்கு ஜெட் மாத்தி மாத்தி தேடிட்டு இருப்பீங்க. ஒயர் வர்ற கார்பை மாத்தறதா இருந்தா அதே சென்சார் உக்கார்ற உடம்பா பார்த்து வாங்குங்க. வேக்குவம்ல திறக்கற பெட்ரோல் டேப் இருக்கற வண்டியில புது கார்ப்ல வேக்குவம் குழாய் இருக்கான்னும் பார்த்துக்கங்க, இல்லன்னா டேப் திறக்கவே திறக்காது.

ஆர்பிஎம் இறங்க மாட்டேங்குது, ஹேண்டில் திருப்பினா ஏறுது

சிவி கேபிளோட முனைக் குண்டு வேற, ஸ்லைடு கேபிளோட முனை வேற, நீளமும் வேற, பழைய கேபிளை இழுத்துப் பிடிச்சு மாட்டினா இப்படித்தான் ஆகும். பார்ட் வாங்கறப்போவே மேனிஃபோல்டு பக்க வெளி விட்டம், ஏர் ஃபில்டர் பக்க வெளி விட்டம், ரெண்டுக்கும் நடுவுல நீளம், ஃபிளாஞ்சா (போல்ட் போட்டு மாட்டற தட்டை முகம்) இருந்தா போல்ட்டுக்கு போல்ட் இடைவெளி, இது எல்லாத்தையும் அளக்கற கையோட கார்ப் தலைக்கும் டேங்க்குக்கும் எவ்ளோ இடம் இருக்குன்னும் அளந்துடுங்க. சிவி தலை தட்டை, அதனால டேங்க் அடியில ஒட்டி உக்காந்திருக்கும், அங்க தலையில கேபிள் வர்ற கார்பை வச்சா கேபிள் டேங்க்ல இடிச்சு மடங்கும். மாட்டி முடிச்சதும் டேங்கையும் போட்டுட்டு, வண்டியை ஸ்டார்ட் பண்ணி, ஆக்ஸிலேட்டர்ல கை வைக்காம ஹேண்டிலை ரெண்டு பக்கமும் முழுசா திருப்பிப் பாருங்க. ஐடிலிங் கொஞ்சம் ஏறினாலும் அந்த கேபிளோட ரோட்டுக்கு எடுக்காதீங்க.